சீனத்தில் அறிவியல் வளர்த்த சான்றோர்

தாள் செய்யும் தொழிலையும், அச்சுக் கலையையும், திசையறி கருவியையும், வெடிமருந்தையும் உலகிற்கு முதன்முதலில் வழங்கிய நாடு சீனம். பிற நாடுகள் பல எழுத்தறியாதிருந்த காலத்திலேயே நூலகங்களும் வானியல் நிலையங்களும் அமைத்து வாழ்ந்தவர் அந்நாட்டு மக்கள். அத்தகைய பழம்பெரும் நாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயலார்தம் பீரங்கிகளின் முன்னே தலைதாழ்ந்து நின்றது. 1842-இல் ஆங்கிலேயரிடம் தோற்றது. 1895-இல் அண்டை நாடாகிய ஜப்பானிடமும் தோற்றது. வெடிமருந்தைக் கண்டவர் அவ்வெடிமருந்திற்கே இரையானது ஏன்? இவ்வினா சீன இளைஞர் பலர் உள்ளத்தையும் வாட்டியது. இதற்கு விடை தேடியதோடு அமையாது, கண்ட விடையைச் செயலாக்கவும் தம் வாழ்நாளை ஈந்தவர் ரென் ஹோங்ஜுன் என்னும் பெரியார்.

இளமையும் கல்வியும்

ரென் ஹோங்ஜுன் 1886-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சிச்சுவான் மாநிலத்து டியன்ஜியாங் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இந்நாளில் சோங்சிங் மாநகரின் ஆட்சி எல்லையுள் அடங்கியுள்ளது. அக்காலத்தில் சீனத்தில் உயர்பதவி பெற விரும்புவோர் பழைய அறநூல்களை மனப்பாடம் செய்து அரசுத் தேர்வு எழுதுதல் வேண்டும். ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நடைபெற்று வந்த அத்தேர்வுமுறை 1905-இல் நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் ரென் அத்தேர்வின் முதற்படியில் வெற்றி பெற்றார். பழைய கல்வியின் வாயில் அடைபடும் வேளையில் அதனுள் நுழைந்து வெளிவந்த கடைசித் தலைமுறையினருள் அவரும் ஒருவர்.

பின்னர் அவர் ஷாங்காய் நகரத்துச் சீனப் பொதுப்பள்ளியிற் சேர்ந்தார். அங்கே ஹூ ஷி, யாங் சிங்போ முதலிய நண்பர்களைப் பெற்றார். புதிய எண்ணங்களும் நாட்டுப்பற்றும் அப்பள்ளி மாணவரிடையே பொங்கி வழிந்தன. மஞ்சு மன்னராட்சியை ஒழித்தாலன்றி நாடு உய்யாது என்னும் எண்ணம் ரென் உள்ளத்தில் வேரூன்றியது.

புரட்சியில் ஈடுபாடு

1908-இல் அவர் ஜப்பானுக்குச் சென்று, டோக்கியோ உயர் தொழிற்கல்விச் சாலையில் வேதியியல் பயிலத் தொடங்கினார். அப்பாடத்தை அவர் விரும்பியதற்குக் காரணம் அறிவு வேட்கை ஒன்று மட்டும் அன்று. புரட்சிக்கு வேண்டிய வெடிகுண்டுகளைச் செய்யக் கற்றுக்கொள்ளல் வேண்டும் என்பதே அவர்தம் நோக்கமாக இருந்தது. சன் யாட் சென் தோற்றுவித்த புரட்சிச் சங்கத்திலும் அவர் உறுப்பினர் ஆனார்.

1911 அக்டோபர் 10-ஆம் நாள் ஊச்சாங் நகரில் புரட்சி வெடித்தது. ரென் படிப்பை விடுத்துத் தாயகம் விரைந்தார். 1912-ஆம் ஆண்டின் முதல் நாளன்று சன் யாட் சென் நான்ஜிங் நகரில் குடியரசின் இடைக்காலத் தலைவராகப் பொறுப்பேற்றார். இருபத்தைந்து வயதே நிரம்பிய ரென் அவருடைய செயலகத்தில் அமர்ந்து பணியாற்றும் பேறு பெற்றார்.

ஆயின், அவ்வாட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. மூன்று மாதங்களுக்குள் ஆட்சிப்பொறுப்பு யுவான் ஷிகாய் என்னும் படைத்தலைவர் கைக்கு மாறியது. மன்னர் போயினும் மன்னராட்சியின் தீமைகள் போகவில்லை. புதிய அரசிற் பதவி பெற்று வாழும் வாய்ப்பு ரென்னுக்கு இருந்தது. அவர் அதனை விழையவில்லை. குண்டுகளால் அரியணையைக் கவிழ்த்துவிடலாம். ஆனால், மக்களின் அறியாமையைக் கவிழ்த்தல் இயலாது என்பதை அவர் கண்கூடாகக் கண்டார். புரட்சிக்கு உழைத்த இளைஞர் சிலரை அயல்நாட்டிற் கல்வி கற்க அனுப்ப அரசு முன்வந்தபோது, அவர் அதனை ஏற்றுக்கொண்டார். 1912-இன் இறுதியில் நண்பர் யாங் சிங்போவுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

கழகத்தின் தோற்றம்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இதாக்கா என்னும் சிற்றூர் உள்ளது. ஏரிக்கரைக் குன்றின்மேல் அமைந்த கார்னெல் பல்கலைக்கழகம் அவ்வூருக்குப் பெருமை தருவது. அங்கே ரென் மீண்டும் வேதியியல் பயின்றார். இம்முறை குண்டு செய்வதற்காக அன்று, நாட்டை ஆக்குவதற்காக.

1914-ஆம் ஆண்டுக் கோடைக்காலம். ஐரோப்பாவிற் பெரும்போர் மூளும் நிலையில் இருந்தது. ஒருநாள் மாலை சீன மாணவர் சிலர் ஒன்றுகூடி உலக நிலையைக் குறித்தும் தம் நாட்டு நிலையைக் குறித்தும் உரையாடினர். மேலை நாடுகளின் வலிமைக்கு வேராக இருப்பது அறிவியல் என்றும், சீனத்திற்கு இன்று இல்லாத பொருளும் அதுவே என்றும் அவர்கள் உணர்ந்தனர். பேசிக் கலைவதால் பயனில்லை. அறிவியலைத் தாய்மொழியிற் பரப்பும் திங்களிதழ் ஒன்றைத் தொடங்குவோம் என்று முடிவு செய்தனர். ரென், யாங் சிங்போ, கணிதம் பயின்ற ஹூ மிங்பூ, பிற்காலத்தில் மொழியியலில் உலகப்புகழ் பெற்ற சாவ் யுவான்ரென், உயிரியல் பயின்ற பிங் ஜீ, பொறியியல் பயின்ற சோ ரென் முதலிய ஒன்பதின்மர் அம்முடிவிற் கையெழுத்திட்டனர்.

இதழுக்குப் பெயர் ‘அறிவியல்’ என்பதே. மூலதனம் 400 டாலர். பங்கு ஒன்றுக்கு 10 டாலராக 40 பங்குகள் வகுத்து, அவற்றுட் பாதியைத் தோற்றுநரே ஏற்றனர். அவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். உதவித்தொகையால் உண்டு உடுத்து வாழ்ந்த மாணவர்கள். ஆதலின், உணவைக் குறைத்துப் பணம் சேர்த்தனர். சாவ் யுவான்ரென் பகலுணவாகச் சிறிது வடிசாறும் பழப்பணியாரமும் மட்டுமே உண்டு நாட்களைக் கழித்தார். ஊட்டம் குறைந்து நோயுற்ற பின்னரே அந்நோன்பைக் கைவிட்டார். பகலெல்லாம் வகுப்பிலும் ஆய்வுக்கூடத்திலும் இருந்த அவர்கள், இரவிற் கண்விழித்துக் கட்டுரைகளை எழுதினர். அவற்றைக் கடல்கடந்து ஷாங்காய்க்கு அனுப்பி அச்சிடச் செய்தனர்.

1915 ஜனவரியில் முதல் இதழ் வெளிவந்தது. அதனைக் கையிலெடுத்த சீனர் வியப்புற்றனர். சீன மொழியை மேலிருந்து கீழாக எழுதி, வலமிருந்து இடமாக வரிகளை அடுக்குவதே தொன்றுதொட்டு வந்த மரபு. அவ்வாறு எழுதினால் கணிதச் சமன்பாடுகளையும் வேதியியற் குறியீடுகளையும் இடையே அமைத்தல் அரிது. எனவே, அவ்விதழ் இடமிருந்து வலமாகக் கிடைவரியில் அச்சிடப்பெற்றது. நிறுத்தக் குறிகளும் இடம்பெற்றன. சீனத் திங்களிதழ்களுள் இம்முறையைக் கைக்கொண்ட முதல் இதழ் இதுவே. அறிவு வளர்ச்சிக்குத் தடையாக இருக்குமாயின் பழக்கத்தை மாற்றுவதற்கு அவர்கள் அஞ்சவில்லை.

முதல் இதழில் ரென் எழுதிய கட்டுரை, சீனத்தில் அறிவியல் தோன்றாமைக்குக் காரணம் யாது என்பதை ஆராய்ந்தது. சீனர் அறிவிற் குறைந்தவர் அல்லர் என்றார் அவர். நூல்களைக் கற்பதிலேயே காலமெல்லாம் கழித்து, இயற்கையை நேரிற் கண்டு, ஆய்ந்து, பல உண்மைகளிலிருந்து ஒரு பொதுவிதியைக் காணும் முறையை அவர்கள் வளர்க்கத் தவறினர் என்றும், அம்முறையே அறிவியலின் உயிர் என்றும் விளக்கினார். கப்பலையும் பீரங்கியையும் விலைகொடுத்து வாங்கிவிடலாம். ஆராயும் மனப்பான்மையை வாங்க இயலாது. அதனை நாட்டிலேயே பயிரிடல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை.

ஓர் இதழ் நின்று நிலவ வேண்டுமாயின் அதன் பின்னே கற்றோர் குழு ஒன்று இருத்தல் வேண்டும். இதனை உணர்ந்த நண்பர்கள் 1915 அக்டோபர் 25-ஆம் நாள், பங்கு நிறுவனமாக இருந்த தம் அமைப்பைச் சீன அறிவியற் கழகமாக மாற்றி அமைத்தனர். ரென் அதன் தலைவராகவும், சாவ் செயலாளராகவும், ஹூ மிங்பூ பொருளாளராகவும் தெரிந்தெடுக்கப்பெற்றனர். இதழ் நடத்துதல், நூல்களை மொழிபெயர்த்தல், கலைச்சொற்களை ஆராய்தல், நூலகமும் அருங்காட்சியகமும் ஆய்வுக்கூடமும் அமைத்தல், சொற்பொழிவுகள் நிகழ்த்துதல் ஆகியவற்றைக் கழகம் தன் பணிகளாக வகுத்துக்கொண்டது. அப்போது அதற்கு ஓர் அறைகூடச் சொந்தமாக இல்லை!

தாயகத்திற் கழகம்

ரென் கார்னெலில் பட்டம் பெற்றபின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பை முடித்து, 1918-இல் தாயகம் திரும்பினார். கழகமும் அவ்வாண்டிலேயே தாயகத்திற் குடியேறியது. அயல்நாட்டில் ஒரே வளாகத்தில் வாழ்ந்த நண்பர்கள் இப்போது பல நகரங்களுக்குப் பிரிந்து சென்றனர். ஒவ்வொருவருக்கும் வேலை தேடும் கவலை, குடும்பக் கவலை. இதழுக்குக் கட்டுரைகள் குறைந்தன, பணமும் குறைந்தது. எத்தனையோ நற்பணிகள் இத்தகைய வேளையிலேதான் மறைந்தொழிகின்றன.

ரென் சோர்ந்துவிடவில்லை. 50,000 வெள்ளி நிதி திரட்டுவதென உறுதி பூண்டு, ஊர் ஊராகச் சென்றார். பீக்கிங் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சாய் யுவான்பெய் அம்முயற்சிக்குத் துணை நின்றார். நான்ஜிங் நகரில் அரசுக்குரிய கட்டடம் ஒன்று கழகத்திற்குக் கிடைத்தது. 1920-இல் அங்கே நூலகம் திறக்கப்பெற்றது.

அவ்வாண்டில் ரென் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் வேதியியற் பேராசிரியரானார். அவர்தம் திருமணமும் அவ்வாண்டிலேயே நிகழ்ந்தது. துணைவியார் சென் ஹெங்ஜே அமெரிக்காவில் வரலாறு பயின்றவர், சிறந்த எழுத்தாளர், பீக்கிங் பல்கலைக்கழகத்தின் முதற்பெண் பேராசிரியர் என்னும் பெருமைக்குரியவர். அறிவுத் தொண்டில் ஒருவருக்கொருவர் துணையாக அவ்விருவரும் வாழ்ந்தனர்.

ஆய்வுக்கூடமும் நூலகமும்

பிறர் கண்ட உண்மைகளை எடுத்துரைத்தல் மட்டும் அறிவியற் பணி ஆகாது. புதிய உண்மைகளைக் காணுதலும் வேண்டும். இக்கருத்துடன் 1922 ஆகஸ்டு 18-ஆம் நாள் கழகம் நான்ஜிங்கில் உயிரியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியது. பிங் ஜீ விலங்கியலுக்கும், ஹூ சியன்சு தாவரவியலுக்கும் பொறுப்பேற்றனர். தொடக்கத்தில் ஆய்வாளர் எவரும் ஊதியம் பெறவில்லை. கல்லூரியிற் பாடம் நடத்தி முடித்த பின்னர் மாலையிலும் விடுமுறை நாட்களிலும் அங்கே வந்து உழைத்தனர். 1923 முதல் ஜியாங்சு மாநில அரசு திங்கள்தோறும் 2,000 வெள்ளி வழங்கியது.

இக்காலத்தில் ரென்னுக்கு வேறொரு பெரும்பொறுப்பும் வந்தது. 1900-இல் நிகழ்ந்த கிளர்ச்சிக்குத் தண்டமாகச் சீனம் அயல்நாடுகளுக்குப் பெருந்தொகை செலுத்தி வந்தது. அதில் தனக்கு வரவேண்டிய எஞ்சிய பங்கை அமெரிக்கா சீனத்தின் கல்விக்கே திருப்பித் தந்தது. அந்நிதியை ஆள்வதற்கு 1924-இல் சீனக் கல்வி பண்பாட்டு வளர்ச்சி அறநிலையம் நிறுவப்பட்டது. ரென் அதன் செயலாளராகவும் பின்னர் இயக்குநராகவும் நெடுங்காலம் பணியாற்றினார். தோல்விக்குத் தண்டமாகச் சென்ற பொருள், அறிவியற் பேராசிரியர்க்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் உரமாயிற்று. உயிரியல் ஆய்வுக்கூடமும் அதனால் வளம் பெற்றது. அதன் ஆய்வேடுகள் உலகின் பல நாட்டு நிலையங்களுக்கும் சென்றன. அழிந்துபோனதாகக் கருதப்பட்டுப் புதைபடிவமாக மட்டும் அறியப்பட்டிருந்த மரவகை ஒன்று சீனத்தில் உயிருடன் நிற்பதை 1948-இல் பெயரிட்டு உலகிற்கு அறிவித்தவர் ஹூ சியன்சுவும் செங் வான்ஜுன் என்பவரும் ஆவர். இருவரும் அவ்வாய்வுக்கூடத்தில் உழைத்தவர்களே.

கழகம் வளர்ந்தவாறே நண்பர்கள் சிலரை இழந்தது. 1927-இல் ஹூ மிங்பூ நீராடும்போது மூழ்கி உயிர் நீத்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் கணிதத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற அவர், பிறர் எழுதிய கட்டுரைகளைத் திருத்துவதிலும் கழகக் கணக்கைக் காப்பதிலும் தம் ஓய்வையெல்லாம் செலவிட்டவர். அவ்வாண்டின் இறுதியில் அரசு கழகத்திற்கு 400,000 வெள்ளி மதிப்புள்ள கடன் பத்திரங்களை அளித்தது. அதனைக்கொண்டு ஷாங்காயில் ஒரு பெரிய நூலகம் எழுப்பி, அதற்கு மிங்பூவின் பெயரையே சூட்டினர். 1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நூலகம் திறக்கப்பெற்றது. 1933-இல் யாங் சிங்போ ஷாங்காய்த் தெருவிற் சுட்டுக் கொல்லப்பட்டார்; மக்கள் உரிமைக்காகக் குரல் எழுப்பியதே அவர் செய்த குற்றம். பள்ளிப் பருவம் முதல் உடன்வந்த தோழரை இழந்த ரென்னின் துயரத்தை அளவிட்டு உரைத்தல் அரிது.

அதே ஆண்டு ஆகஸ்டில் கழகம் ‘அறிவியற் படவிதழ்’ என்னும் மற்றோர் இதழைத் தொடங்கியது. முன்னைய இதழ் கற்றோர்க்கு உரியது. இதுவோ மாணவர்க்கும் தொழிலாளர்க்கும் உரியது. எளிய நடையும் தெளிவான படங்களும் கொண்ட அவ்விதழை நாடெங்கும் மக்கள் விரும்பிப் படித்தனர்.

போரும் துன்பமும்

1935-இல் ரென் தம் சொந்த மாநிலத்துச் சிச்சுவான் பல்கலைக்கழகத்தின் தலைவராக அமர்ந்தார். சிறந்த ஆசிரியர்களை வரவழைத்தும் புதிய கட்டடங்களுக்குப் பொருள் தேடியும் அதனைச் சீர்படுத்தினார். 1937-இல் அப்பொறுப்பினின்றும் விலகினார். அவ்வாண்டிலேயே ஜப்பான் சீனத்தின்மீது பெரும்போர் தொடுத்தது. டிசம்பரில் நான்ஜிங் நகரம் வீழ்ந்தது. பதினைந்து ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த உயிரியல் ஆய்வுக்கூடம் பகைவர் இட்ட தீயில் எரிந்து சாம்பலாயிற்று.

கட்டடம் எரிந்தது, கழகம் எரியவில்லை. ஆய்வாளருள் ஒரு பகுதியினர் முன்னரே நூல்களையும் கருவிகளையும் சுமந்துகொண்டு, சோங்சிங்கிற்கு அண்மையிலுள்ள பெய்பெய் என்னும் ஊருக்குச் சென்று பணியைத் தொடர்ந்தனர். ஷாங்காயில் தங்கிய பிங் ஜீ, பகைவரின் ஆட்சியில் பதவி ஏற்க மறுத்து, வறுமையிலும் தம் ஆராய்ச்சியைக் கைவிடாதிருந்தார். ரென் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் பொதுச் செயலாளராகவும் வேதியியல் நிலையத் தலைவராகவும் உழைத்தார். டாம்பியர் என்னும் ஆங்கில அறிஞர் இயற்றிய அறிவியல் வரலாற்று நூலை நண்பர் இருவருடன் சேர்ந்து சீனமொழியில் ஆக்கினார். அந்நூல் போர் முடிந்தபின் 1946-இல் வெளிவந்தது.

கழகத்தை நாட்டுக்கு அளித்தல்

1949-இல் சீனத்தில் புதிய ஆட்சி ஏற்பட்டபோது கழகத்தின் உறுப்பினர் தொகை 3,700-க்கு மேற்பட்டிருந்தது. ஒன்பது மாணவர் இட்ட விதை அவ்வாறு ஆலமரமாய்த் தழைத்தது. ரென் தாயகத்திலேயே தங்கினார். அறிவியற் பணிகள் யாவும் அரசின் பொறுப்பாகிய அக்காலத்தில் தனியார் கழகத்திற்கு இடம் சுருங்கியது. 1950-இன் இறுதியில் ‘அறிவியல்’ இதழ் நின்றது. 1957-இல் மீண்டும் தோன்றி, 1960-இல் மறுபடியும் நின்றது. 1956-இல் மிங்பூ நூலகம் நாட்டுக்கு அளிக்கப்பெற்றது. 1960-ஆம் ஆண்டு மே மாதம் கழகம் தன் பணியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. எஞ்சிய உடைமைகளும் நாட்டைச் சேர்ந்தன.

உணவைக் குறைத்து வளர்த்த கழகத்தைத் தம் கையாலேயே முடித்துவைக்க நேர்ந்தவர் ரென். அப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று. ஒன்பது நண்பர்களுட் பலர் மறைந்தும் பிரிந்தும் போயிருந்தனர். அந்நிலையிலும் அவர் கழகத்தின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதி, பின்வருவோர் அறியுமாறு வைத்தார். 1961 நவம்பர் 9-ஆம் நாள் ஷாங்காயில் அப்பெரியாரின் உயிர் பிரிந்தது.

அவர் மறைந்து கால் நூற்றாண்டு நிறைவதற்கு முன்னரே, 1985-இல், ‘அறிவியல்’ இதழ் ஷாங்காயில் மீண்டும் உயிர் பெற்றது. மிங்பூவின் பெயர் தாங்கிய நூலகம் இன்றும் அந்நகரில் மக்களுக்குப் பயன்பட்டு வருகின்றது.

ரென் ஹோங்ஜுன் புதிய தனிமம் எதனையும் கண்டவர் அல்லர். வியத்தகு பொறி எதனையும் இயற்றியவரும் அல்லர். ஆயினும், காண்பார்க்கு ஆய்வுக்கூடமும், கற்பார்க்கு நூலகமும், எழுதுவார்க்கு இதழும் அமைத்துத் தந்தார். குண்டு செய்யக் கற்கச் சென்ற இளைஞர், தம் மொழியில் அறிவியலைப் பேசவைத்த சான்றோராக உயர்ந்தார். வயலை உழுது, வரப்பிட்டு, நீர் பாய்ச்சியவனை விளைந்த நெல்லில் எவரும் காண்பதில்லை. எனினும், அவனின்றி விளைச்சல் இல்லை. அறிவு என்னும் வயலுக்கு அத்தகைய உழவராய் வாழ்ந்தவர் ரென். அவருடைய கழகம் மறைந்த பின்னும் அவர் உழுத நிலம் விளைந்துகொண்டே இருக்கின்றது.